தீர்மான நோட்டு யார் கையில்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் 429 கிராம ஊராட்சிகள். பாதி இடங்களில் பெண்கள்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீட்டை 2016-இல் பாதியாக்கினார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த தேர்தலில் அது நம் மாவட்டத்தில் அமலானது. அதே தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் வந்த அரசியலமைப்புத் திருத்தமோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. ஆக, தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் இந்தக் கடற்கரையில் ஒரு பெண்ணுக்கோ, படித்துவிட்டு ஊரில் இருக்கும் ஒரு பையனுக்கோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அரசாங்கம் ஊராட்சிதான்.

நாற்காலி கிடைத்துவிட்டது. நாற்காலிக்கு முன்னால் மேசையில் இருக்கும் சாமான்கள் இன்னும் கைமாறவில்லை என்பதுதான் என் கருத்து. தீர்மான நோட்டை யார் எழுதுகிறார்கள், பணம் விடுவிக்கும் டிஜிட்டல் சாவி யார் சட்டைப்பையில் கிடக்கிறது, கூட்டத்துக்கு நேரம் குறிப்பவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அந்த ஊராட்சியில் யார் ஆட்சி நடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

2019-இல் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை உண்டு, நோட்டு உண்டு. தேர்தல் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கிராம சபையிலிருந்தே தொடங்குவோம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்தது. 2022-இல் மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். அழைப்பு வரவில்லை என்று யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. ஏழு நாளுக்கு முன்னால் அறிவிப்பு வர வேண்டும். கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பாம்பன், தங்கச்சிமடம் மாதிரிப் பெரிய ஊராட்சிகளுக்கு இந்தக் கடைசிக் கணக்கு. முந்நூறு பேர் சேராவிட்டால் என்ன நடக்கிறது? கையெழுத்து நோட்டு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நடந்து போகிறது. கடலுக்குப் போனவர் கையெழுத்தும் அதில் இருக்கும்.

கடலுக்குப் போவதுதான் இங்கே விவகாரமே. கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்கு. சின்னப்பாலம், தோப்புக்காடு பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விடியுமுன் வத்தை ஏறினால் கரை திரும்ப மத்தியானம் ஆகிவிடும். அதுவும் தினமும் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு தொழில் செய்கிறவர்கள். அரசாங்கத் தேதி சூரியக் கணக்கு, பாசித் தேதி நிலாக் கணக்கு. 2026 ஆகஸ்ட் 15, அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். அன்றைக்கு 11 மணிக்கு வா என்றால் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு வா என்று அர்த்தம். வராத பெண்களைப் பார்த்து ‘பொம்பளைகளுக்கு அரசியலில் ஆர்வம் இல்லை’ என்று ஆபீசில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

அதே பெண்கள்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய தேசியப் பூங்கா எல்லைக் கெடுபிடிகளுக்கு நடுவில் சங்கம் கட்டி, அதிகாரிகளோடு பேசி, தங்கள் தொழிலுக்குத் தாங்களே விதி எழுதியவர்கள். அந்தச் சங்கத்தை நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. கூட்டம் நடத்தவோ, கட்டுப்பாட்டை மீறுகிறவர்களைக் கேள்வி கேட்கவோ, கணக்கு வைக்கவோ இவர்களுக்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. மணி 11 என்பதை 3 என்று மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

மாற்ற என்ன வழி? கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாக, சங்கத்தின் பெயரிலோ மகளிர் குழுக் கூட்டமைப்பின் பெயரிலோ ஊராட்சி அலுவலகத்துக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (எல்லோரும் சொல்லும் பி.டி.ஓ.தான்) ஒரே மனு எழுதி, நேரத்தையும் இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கிராம சபையைக் குக்கிராமங்களில் சுழற்சியாக நடத்த வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஏற்பாடு. ஆனாலும் ஊராட்சி அலுவலக வாசலிலேயே நடத்தி முடிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. மனுவின் நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் மாறாவிட்டால், எழுப்ப வேண்டிய விஷயத்தை எழுத்தில் கொடுத்து ‘கூட்டப் பொருளில் சேர்க்க’ என்று கேளுங்கள். வாயால் சொன்னது நோட்டில் ஏறாது. பெரிய விஷயம் ஏதாவது இருந்தால் மே 1 கூட்டத்துக்கு வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் கரையில் ஆள் இருக்கும்.

இனி தீர்மானம். இதில்தான் நம் ஆட்கள் மிகவும் கோட்டை விடுகிறார்கள். ‘எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால், ‘ஆவன செய்யப்படும்’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும். எண்ணோடு எழுதுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். உங்கள் பகுதியில் 400 வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 1,600 பேர். 88,000 லிட்டர் வேண்டும். இருக்கிற மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு மூன்று தடவை நிரம்பியாக வேண்டும். இப்போது எத்தனை தடவை நிரம்புகிறது என்பது தொட்டி இயக்குபவருக்குத் தெரியும். அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தீர்மானம் இப்படி வரும்: ‘இன்ன தொட்டி நாளுக்கு ஒரு முறை மட்டுமே நிரப்பப்படுகிறது. கிழக்குத் தெருவின் கடைசிக் குழாய்களுக்கு வாரம் இரண்டு நாள் மட்டும் நீர் வருகிறது. தொட்டியை நாளுக்கு மூன்று முறை நிரப்பத் தேவையான நீரைக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கேட்டுப் பெறவும், கடைசிக் குழாய் வரை உள்ள அடைப்பை முப்பது நாளுக்குள் சரிசெய்யவும், அடுத்த கிராம சபையில் அறிக்கை வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது.’ தெரு, தொட்டி, அளவு, கெடு, பதில் சொல்ல வேண்டிய கூட்டம் என்று ஐந்தும் உள்ள தீர்மானத்தை யாரும் சும்மா புரட்டிவிட்டுப் போக முடியாது. குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைகிற மாவட்டம் இது. அந்த வண்டியைத் தள்ளுகிற ஆளுக்கு இந்த எண்கள் எல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டும், அங்கேதான் இளவட்டங்களுக்கு வேலை.

எழுதியபின் இன்னும் மூன்று காரியம் உண்டு. தீர்மானத்தைக் கூட்டத்திலேயே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் விடாமல் கோடு போட்டு, அதன் பிறகு தலைமை வகித்தவர் கையெழுத்துப் போடட்டும். காலிப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவது பல ஊர்களில் சர்வசாதாரணம். கேட்டால் ‘கூட்டம் கலைஞ்சிடும்மா, அப்புறம் எழுதிக்கலாம்’ என்பார்கள். அந்த ‘அப்புறம்’ தான் நீங்கள் கேட்காத பேவர் பிளாக் வேலைக்கு ஒப்புதலாக மாறுவது. மூன்றாவது, கூட்டம் முடிந்த அன்றே பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து வைப்பது. எடுக்க விடவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு: பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, இன்ன தேதி கிராம சபையின் தீர்மான நகல் வேண்டும் என்று இரண்டே வரியில் ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று கேள்விகளாக அடுக்காதீர்கள். ஆவணத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் கேளுங்கள், மறுக்க இடமிருக்காது. கூடவே அந்த ஆண்டு வரவு செலவுச் சுருக்கத்தையும் கேட்கலாம்; படிவம் 30 என்றால் கிளார்க்குக்குப் புரியும்.

பாலிடெக்னிக் சிவில் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன்களும் பெண்களும் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்கள் செய்யக்கூடிய அரசியல் ஒன்று உண்டு. கொடியும் வேண்டாம், மன்றமும் வேண்டாம். ஒரு சிமெண்ட் ரோட்டின் எஸ்டிமேட் நகலை வாங்குங்கள். நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்றிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட். ஓரத்தில் டேப் வைத்துப் பார்த்து 12 சென்டிமீட்டர்தான் இருக்கிறதென்றால் 36 கன மீட்டர். மீதி ஒன்பது கன மீட்டர் எங்கே என்று ஓவர்சியரின் அளவுப் புத்தகத்தோடு வைத்துக் கேட்டால், அதுவும் பில் பாஸாகும் முன் கேட்டால், ஊரில் சண்டையே வேண்டாம். ரோடு போட்ட பிறகு கேட்பதைவிட, பலகை அடித்துக் கான்கிரீட் கொட்டும் நாளில் பலகையின் உயரத்தை அளப்பது நல்லது. ஒன்று எச்சரிக்கிறேன்: இதைத் தனியாகச் செய்யாதீர்கள். நாலு பேர் போங்கள், அதில் இரண்டு பேர் வேறு தெருக்காரர்களாக இருக்கட்டும். தனியாளாகப் போனால் அது ‘பங்காளிப் பகை’ என்று திருப்பப்படும்.

இப்போது அந்தச் சாவிக்கு வருவோம். ஊராட்சிக் காசோலைக்குத் தலைவர், துணைத்தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும். இணையவழிப் பட்டுவாடாவில் அந்தக் கையெழுத்தின் இடத்தில் டிஜிட்டல் கையொப்பச் சாவி உட்கார்ந்திருக்கிறது. பென் டிரைவ் மாதிரி ஒரு பொருள், அதற்கொரு ரகசிய எண், ஓ.டி.பி. வருவதற்குப் பதிவு செய்த ஒரு செல்போன் எண். பெண் தலைவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் எல்லாப் படிவமும் ஒரே மூச்சில் நிரப்பப்படும்; செல்போன் எண் என்ற கட்டத்தில் கணவர் எண்ணையோ கிளார்க் எண்ணையோ போட்டுவிடுவார்கள். அதோடு அந்த அம்மாவின் ஐந்து வருஷமும் முடிந்தது. பணம் போனது அவருக்கே தெரியாது. தணிக்கைத் தடை வரும்போதும், தலைவரை நீக்க ஆட்சியருக்கு அதிகாரம் தரும் ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் நோட்டீஸ் வரும்போதும் பெயர் அவருடையதுதான், கணவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அதனால் முதல் நாளே தன் எண்ணைப் பதிவு செய்வது, சாவியை அலுவலக டிராயரில் விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போவது, ரகசிய எண்ணைத் தானே மாற்றுவது என மூன்றையும் செய்துவிட வேண்டும். ‘எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது’ என்றால் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் விரலாலேயே அழுத்தட்டும்.

மனைவி பெயரில் கணவர் ஆளும் பழக்கம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-இல் மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒரு குழு போட்டது, அறிக்கையும் 2025-இல் வந்தது. அறிக்கை வந்து என்ன, கூட்டத்தில் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி போடுவதை நிறுத்துவது வார்டு உறுப்பினர்கள் கையில்தான் இருக்கிறது. உறுப்பினர் கூட்டத்தில் உறுப்பினர் அல்லாதவர் உட்கார்ந்து பேசினால், ‘இன்னார் கலந்துகொண்டு பேசினார்’ என்று நோட்டில் பதியச் சொல்லுங்கள். பெயர் ஏறும் என்று தெரிந்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். வார்டு உறுப்பினர்களுக்கு வேறொரு கருவியும் உண்டு, பெரும்பாலும் தூங்குகிறது: நியமனக் குழு, வளர்ச்சிக் குழு, வேளாண்மை மற்றும் நீர்வள மேலாண்மைக் குழு, பணிகள் குழு, கல்விக் குழு என்று ஊராட்சிக்கு ஐந்து குழுக்கள். புதிதாக வரும் பெண்களைக் கல்விக் குழுவில் போட்டுவிட்டு, பணிகள் குழுவை ஆண்கள் வைத்துக்கொள்வார்கள். பணிகள் குழுவைக் கேட்டு வாங்குங்கள்.

வாக்காளர் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இது தப்பினால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. பதினேழு முடிந்ததும் படிவம் 6 கொடுத்து வைக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகிய நான்கு தேதிகளில் எது பதினெட்டு நிறைந்தபின் முதலில் வருகிறதோ அன்றிலிருந்து தகுதி. உள்ளாட்சிக்கென்று தனிப் பட்டியல் கிடையாது. சட்டமன்றப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது ஒரு தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டிலும் அந்தப் பக்கம் வேறு வார்டிலும் விழுவது உண்டு. வார்டு தேர்தலில் பத்து ஓட்டில் முடிவு மாறும் என்பதால், வார்டு பட்டியல் ஒட்டிய அன்றே தெருத்தெருவாகச் சரிபார்க்க வேண்டும். தங்கச்சிமடத்தில் பிறந்து தொண்டிப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் வருஷக்கணக்கில் பிறந்த ஊரிலேயே கிடக்கும். இரண்டு ஊரும் வேறு வேறு சட்டமன்றத் தொகுதி. மாற்றப் படிவம் 8. 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு, போன தடவை ஓட்டுப் போட்டேன் என்பதை நம்பி இருக்காமல் எல்லோரும் தங்கள் பெயரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலிருந்து படிவம் 6ஏ மூலம் பெயர் சேர்க்கலாம்; ஓட்டுப் போட மட்டும் நேரில் வந்தாக வேண்டும்.

நிற்க நினைப்பவர்களுக்கு: இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரிச் சுயேச்சைச் சின்னங்கள்தான். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் இரண்டும் கட்சிச் சின்னத்தில். 2019-இல் வைப்புத் தொகை வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. அடுத்த அறிவிப்பு வரும்போது தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணப் பாக்கியை முன்பே கட்டி ரசீது வாங்கி வையுங்கள், பரிசீலனை நாளில் எதிராளி முதலில் தேடுவது அதைத்தான். ஊராட்சியோடு நடப்பில் ஒப்பந்தம் வைத்திருப்பவரும் நிற்க முடியாது.

பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில்தான் பெண் நிற்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பொது வார்டிலும் நிற்கலாம். சுழற்சியில் ஒதுக்கீடு மாறியதும் ‘உன் முறை முடிஞ்சது’ என்று உட்கார வைப்பது ஊர்க் கமிட்டியின் வசதிக்குத்தான். ஆண்கள் மட்டும் கூடும் அந்தக் கமிட்டியில் பேசி முடித்து அன்னபோஸ்ட் ஆக்குவது (போட்டியே இல்லாமல் ஒருவரைத் தேர்வாக்குவது) கடற்கரையில் ஒற்றுமையின் அடையாளமாகப் பேசப்படுகிறது. சில மாவட்டங்களில் பதவியை ஏலம் விட்ட செய்திகளும் வந்தன. அது சட்டப்படி குற்றம். கமிட்டி பேசும்போதே மகளிர் குழுக் கூட்டமைப்பு தன் வேட்பாளரை முடிவு செய்து வெளியில் சொல்லிவிட்டால் பேரம் வேறு மாதிரி நடக்கும். மனு தாக்கல் கடைசி நாள் வரை காத்திருந்தால் முன்மொழிபவரே காணாமல் போவார்.

பிரச்சாரத்தில் சுவரும் மைக்கும் வார்டுக்குத் தேவையே இல்லை. முந்நூறு நானூறு ஓட்டுள்ள வார்டில் ஒரு பெண் வேட்பாளர் அடுப்படி வரை போக முடியும், ஆண் வேட்பாளர் திண்ணையோடு சரி. கையில் நாலு நிறக் காகிதம் வைத்துக்கொண்டு போங்கள். 2019-இல் வார்டுக்கு வெள்ளை (ஒரே சாவடியில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்று நீலம்), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நாலு சீட்டையும் வாங்கி, முத்திரையை இரண்டு சின்னத்துக்கு நடுவே குத்திச் செல்லாத ஓட்டாக்கும் கிழவிகளும் உண்டு, பட்டதாரிகளும் உண்டு. கட்டத்துக்குள் ஒரே ஒரு முத்திரை என்று காட்டிக்கொடுங்கள்.

செலவு உச்சவரம்பு அப்போது வார்டுக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000, ஒன்றியக் கவுன்சிலருக்கு 85,000, மாவட்டக் கவுன்சிலருக்கு 1,70,000. முடிவு வந்த முப்பது நாளுக்குள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும், தோற்றவரும்தான். தோற்ற பெண்களும் முதல் தடவை நின்ற பையன்களும் சோர்ந்துபோய் இதை விட்டுவிடுகிறார்கள். அதற்கு மூன்று வருஷத் தகுதி நீக்கம் வரும். துண்டறிக்கை பில், ஆட்டோ வாடகை, டீக்கடைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்து, கணக்கைக் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.